பாதி முறுக்கு

மணப்பாறை
1 ஜூலை 2025

அன்பு மருமகள் சம்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு கடல் தாண்டியும் மொறுமொறுக்கும் முறுக்குகளின் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் கியாசுதீன் எழுதுவது.

உன் விடுதியில் செல்போனைப் பிடுங்கி வைத்ததால் தபால்காரருக்கு என் கையெழுத்தைச் சுமக்கும் பாக்கியம் கிடைத்தது. உன்னைப் பெற்ற அத்தா கொதிக்கிறார். "ரத்தம் ஏறவே இல்ல. இரும்பு மாத்திரையைச் சன்னல் வழியா வீசுறாளா? அடுத்த டெஸ்ட்லயும் ஏறலைன்னா படிப்பும் வேணாம், ஓட்டப்பந்தயமும் வேணாம்" என்கிறார். நான் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்து இரும்பில் திருச்சியிலிருந்து டெல்லிக்குத் தண்டவாளமே போடலாம். எல்லாம் எங்கே போகிறது? உண்மையைச் சொல்.

ஞாயிறு வருகிறேன். வழக்கம்போல் முதல் முறுக்கை நான் கடித்துச் சோதிப்பேன். மீதிப் பாதி உனக்கு. பல் முளைத்த நாளிலிருந்து உன் பங்கு அது.

மாமு

தென்னூர்
10 ஜூலை 2025

அன்புள்ள மாமுவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஞாயிறு வந்தீர்கள், வார்டன் பக்கத்திலேயே நின்றதால் எதுவும் பேச முடியவில்லை.

சன்னலில் கொசுவலை இருக்கிறது. மாத்திரையை வீசினால் என் மூக்கிலேயே விழும். ஒருவேளைகூட விடவில்லை, மாமு. ஆனாலும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நேற்று ஸ்ரீரங்கத்து டாக்டரம்மா மூச்சுச் சோதனைக்காக ஒரு பையில் ஊதச் சொன்னார். வயிற்றில் ஒரு கிருமியாம். அது இருக்கிறவரை இரும்பு சரியாக ஒட்டாதாம். எல்லாருக்கும் இப்படியா என்று கேட்டேன்.

"இல்லம்மா. நிறையப் பேருக்குச் சும்மா கிடக்கும். அதோட மரபணு ஆளுக்கு ஆள் மாறுது. உன்னோடது இரும்பை அள்ளிக்கிற ரகமா இருக்கலாம். ஆராய்ச்சி இன்னும் நடக்குது."

புரிந்ததுபோல் தலையாட்டினேன். இரண்டு வாரத்துக்கு மருந்து.

"யாராவது கடிச்சுக் குடுப்பாங்களா?" என்றும் கேட்டார். உங்கள் பேரைச் சொல்லவில்லை. "ஒருத்தர்" என்றேன். கிருமி எச்சில் வழியாகவும் பரவலாமாம், அதனால் அந்த ஒருத்தரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். இனிமேல் பாதி முறுக்கு வேண்டாம், மாமு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சம்ரீன்

மணப்பாறை
22 ஜூலை 2025

மருமகளே,

என் வயிறு மலைக்கோட்டை, எதிரி ஏற முடியாது என்று மார்தட்டிக்கொண்டு போய் ஊதினேன். கோட்டைக்குள் கிருமி குடித்தனமே நடத்துகிறது!

அப்படியானால் நான் ஏன் காங்கேயம் காளை மாதிரி இருக்கிறேன்? என்னிடம் விருந்தாளி, உன்னிடம் திருடனா?

"ரெண்டும் ஒரே ரகமாங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இந்த டெஸ்ட்ல அது தெரியாதுங்க."

"நான் குடுத்ததா?"

"அதுவும் சொல்ல முடியாதுங்க. தண்ணியா இருக்கலாம், வேற யாராவதாவும் இருக்கலாம்."

குழம்பிப்போய் மாவில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன். அதையும் சனங்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். உலகமே குழம்பித்தான் கிடக்கிறது.

உன் அத்தாவிடம் ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் சொன்னேன்: "பிள்ளை வீசலைங்க, மச்சான். உள்ள ஒருத்தன் பறிச்சுக்கிட்டு இருந்தான்."

மாமு

மணப்பாறை
4 நவம்பர் 2025

அன்பு மருமகளுக்கு,

உன் ரத்தம் ஏறிவிட்டது, நீ மறுபடி ஓடுகிறாய் என்று அத்தா போனில் சொன்னார். படிப்பை நிறுத்தும் பேச்சே இப்போது இல்லை. அல்ஹம்துலில்லாஹ். நானும் மருந்து முடித்து மறுபடி ஊதிவிட்டேன். கோட்டை காலி.

அது என்னிடமிருந்துதான் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே பாதிப் பாதியாகப் பாசம் காட்டியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு டப்பா. எல்லாம் முழு முறுக்கு. ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. மொறுமொறுவென்று இருக்கிறதா, நமுத்துக் கிடக்கிறதா என்று சக்கரவர்த்திக்கே தெரியாது.

நீ கடித்துப் பார்த்து எழுது.

மாமு