ராணியின் தட்டு

ஆடி மூன்றாம் வெள்ளி.

பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிற எனக்கு இன்று விசித்திரமான ஆர்டர். கல்யாணப் பெண்ணுக்கு முந்தானையில் முந்நூறு வருடத்துக்கு முன் மதுரையை ஆண்ட ராணி வேண்டுமாம். அவளைச் சிறையில் அடைத்து, சாப்பாட்டைக் கைக்கு எட்டாமல் கண்ணெதிரே வைத்தே கொன்றார்கள் என்பார்கள். இல்லை, நோயில் இறந்தாள் என்பாரும் உண்டு.

"ஊருக்கே சத்திரம் கட்டி சோறு போட்டவங்க. அவங்க பட்டதை எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் பெண்.

"முகூர்த்தப் புடவையில போய் யாராவது சாவைப் போடுவாங்களா?" என்று அவள் அம்மா சீறினார்.

எனக்கேன் வம்பு என்று, வரைந்தே காட்டினேன். கம்பிக்கு உள்ளே ராணி, வெளியே தட்டு. அம்மா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி செத்தாங்கன்னுதான் யாருக்கும் தெரியலையே. அந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தும்மா. பாவம், பசியோட உக்காந்துகினு இருக்குது."

நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். ராணியின் விரல் தொடும்வரை நகர்த்தினேன். பெண் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

படுத்த பிறகுதான் உறைத்தது, தட்டைக் காலியாகவே விட்டிருக்கிறேன். எழுந்து போய் அதில் எங்கள் ஊர்க் கோயில் இட்லி ஒன்றை வரைந்துவிட்டு வந்தேன். இனி தூங்கலாம்.