வரி கட்ட விடுங்கள்

30.7.2010, வெள்ளி

ஊர்த் திருவிழா. அம்மன் எங்கள் தெருவுக்கு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஊர் வரி கட்டுகிற ஆம்பளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்; சாமி நிற்கும், கற்பூரம் காட்டுவார்கள். எதிர்வீட்டில் நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. அம்மா தாம்பாளமும் தேங்காயுமாகக் காத்திருந்தாள். தூக்கி வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் இந்த வருஷமும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அப்பா போய் இரண்டு வருஷம். ஆம்பளை இருந்தால்தான் ஊர்க் கணக்கில் அது வீடு. நானும் அம்மாவும் இருப்பது என்ன, கோழிக்கூண்டா?

அம்மா அந்தத் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள். இட்லி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

1.8.2010

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கண்ணாயிரம் மாமா வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் நாட்டார் என்போம்.

"மாமா, எங்க வீட்டு வரிய நான் கட்டுறேன்."

"பொம்பளைங்ககிட்ட வரி வாங்குற பழக்கம் இல்லம்மா. ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க, மாப்பிள்ளை கட்டட்டும்."

ஊரில் எல்லாரும் வரி கட்டாமலிருக்கச் சண்டை போடுவார்கள். கட்டுகிறேன் என்று சண்டை போடுகிறவள் நான் ஒருத்திதான்.

2.8.2010

கடலூர் கோர்ட் எதிரே நான் டைப் அடிக்கிற ஆபீஸில், வக்கீல் தட்சிணாமூர்த்தி சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டத்துல சமத்துவம் இருக்கு மங்கலம். ஆனா ஆர்டர் வாங்கி நிறுத்துனா, தூக்குறவன் மனசோட நிறுத்துவானா?"

அவர் சொல்வது சரிதான். அதனாலேயே கோபம் ஜாஸ்தியாகிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை யார் யார் உரிமையையோ டைப் அடிக்கிறேன்.

18.10.2010

"அடுத்த வருஷமாவது நிக்குமாடி?" அம்மா இன்றும் கேட்டாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

7.2.2011

நாங்கள் இருக்கிற சுனாமி காலனியிலிருந்து கடலுக்குப் போகிற பாதையை ஓர் இறால் பண்ணைக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். வலையைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றிப் போகிறார்கள். ஊர் சார்பில் கேஸ் போடப் போகிறார்களாம். கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிற என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. பஸ் ஏறிச் சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் போயிருக்கிறார்கள். "உன் மூஞ்சியப் பாக்க நாட்டாருக்கு வெக்கம்" என்றாள் முத்தம்மாள் அக்கா. புருஷனை இழந்தவள், பின்தெருவில் இருக்கிறாள். அவள் வாசலிலும் சாமி நிற்காது.

3.3.2011

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மனு திரும்பி வந்துவிட்டது.

ஊர் வரிப் பட்டியலைப் பார்த்து ஆம்பளைகள் பெயரை மட்டும் மனுதாரர்களாகப் போட்டிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் காலனியில் பட்டா கொடுத்ததோ பெண்கள் பெயரில். "வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட மனுவுல இல்லையே" என்று கோர்ட்டில் கேட்டார்களாம். பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி, பட்டாவை யாரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வரி கட்டுகிறவன்தான் வீட்டுக்காரன் என்பதில் அவ்வளவு நிச்சயம்.

5.3.2011

நாட்டார் மாமா வஞ்சிரத்தோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். "பொம்பளைங்களக் கூட்டியாந்து கையெழுத்து வாங்கிக் குடும்மா."

"பழக்கம் இல்லையே மாமா" என்றேன்.

சார் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

6.3.2011, ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம். முதல் தடவையாகப் பெண்களும் உட்கார்ந்தோம். பட்டாக்களை நான் படித்தேன். பெயர் வரவர அவளவள் எழுந்து நின்றாள். வீடு தன் பெயரில் இருப்பது சிலருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

முத்தம்மாள் அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. "கோர்ட்டுக்கு நான் வீட்டுக்காரி. ஊருக்கு நான் யாரு?"

நான் பட்டாக்களைத் திரும்ப அடுக்கினேன். அக்கா கேட்டாச்சே — கூட்டத்தைக் கலைச்சிட்டா என்ன பண்றது? அம்மாவுக்கு என்ன சொல்றது?

நாட்டார் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பட்டா யாரு பேருல இருக்கோ, அவுங்க பேருல வரிய எழுது" என்றார். பின்னாலிருந்து ஒருவர், இதென்ன புதுப் பழக்கம் என்று ஆரம்பித்தார். "சும்மா இருய்யா, வீடு எம் பேருல" என்றாள் அவர் மனைவி. அந்தச் சிரிப்பிலேயே கூட்டம் முடிந்தது. கையெழுத்து எல்லாம் போட்டாயிற்று.

20.6.2011

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். வலைகள் நேர்வழியில் போகின்றன.

29.7.2011, வெள்ளி

காலையில் கிளம்பிய அம்மன் மத்தியானம் தாண்டித்தான் கோயிலுக்குத் திரும்பியது. நிற்க வேண்டிய வாசல்கள் கூடிவிட்டன. தோள் வலிக்கிறது என்று தூக்கியவர்கள் என்னைப் பார்த்துப் புலம்பினார்கள். இரண்டு சொம்பு மோர் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

எங்கள் வாசலுக்கு வந்ததும் சாமி நின்றது. கண்ணாயிரம் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பூவம்மா வீடு" என்று கூப்பிட்டார்.

அம்மா அசையவில்லை. இத்தனை வருஷம் அவளை இன்னாருடைய பொண்டாட்டி, இன்னாருடைய அம்மா என்றுதான் ஊர் கூப்பிட்டிருக்கிறது. மாமா இன்னொரு தடவை கூப்பிட்டார். அம்மா தாம்பாளத்தைப் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"யாருடி அது? போயி கற்பூரம் ஏத்தச் சொல்லு, சாமி காத்துக்கிட்டு நிக்குது பாரு."