நீலப் பொட்டு வைத்த கிளாசுகள்

மார்ச் 1, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. சித்தூருக்கு இந்த வருஷம் கோடை சீக்கிரம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கயிற்றுக்கு இன்னும் இரண்டு முழம் வேண்டும்.

மெட்ராசிலிருந்து வந்த பெட்டி ஒருவழியாய் நம் வீட்டுக்கு வந்தது. வைக்கோலுக்குள் நாற்பத்தெட்டு சின்ன கிளாசு. துளை போட்ட மரத்தட்டு இரண்டு, தட்டுக்கு இருபத்துநாலு. ஒன்றும் உடையவில்லை.

இனி சர்ச்சில் இராப்போஜனத்துக்குத் திராட்சை ரசம் குடிக்க ஒரே கிண்ணம் கிடையாது. ஆளுக்கு ஒரு கிளாசு. ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா சொன்ன யோசனை. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைத்தால் காசநோய் பரவுமாம். சபை நிர்வாகம் பார்க்கும் சிரஸ்தார் மூப்பர் உடனே ஒத்துக்கொண்டார். ஆச்சரியம். டாக்டரம்மா சொன்ன எதற்கும் இதுவரை அவர் ஒத்துக்கொண்டதில்லை. கலெக்டர் ஆபீஸ் கச்சேரியில் சிரஸ்தார் என்னும் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சபைதான் அவருக்குக் கச்சேரி. பெட்டியைத் தம் வீட்டிலேயே பிரித்து, நாலு நாள் வைத்திருந்து, இன்றுதான் அனுப்பினார்.

ரசம் வடிப்பது, பாத்திரம் கழுவுவது, மேசை விரிப்பு வெளுப்பது எல்லாம் ஐயரம்மா வேலை. இந்தச் சபைக்குப் போதகராக, ஐயராக, என் வீட்டுக்காரர் வந்த பதினொரு வருஷமாய் நான். உலர்ந்த திராட்சை ஊற வைக்க வேண்டும். மறக்கக் கூடாது.

மார்ச் 4, ஞாயிறு

நல்ல கூட்டம். புத்தலப்பட்டு கிராமத்து ஆறு குடும்பமும் வந்தார்கள். விடியும் முன்னே கிளம்பி நடந்து வந்த புழுதி காலில். ஞானஸ்நானம் பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. சேரிக் கூலி வேலைக்காரர்கள். பின்னால் பாயில் உட்காருவார்கள். பழைய குடும்பங்கள் முன்னால் பெஞ்சில். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

முன் தட்டை சிரஸ்தார் மூப்பர் கொண்டுபோனார். பின் தட்டை இன்னொரு மூப்பர். புத்தலப்பட்டு ராகேல் கிளாசை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, "இன்னாம்மா இது, குருவி குடிக்கிற அளவு கீது!" என்றாள். அவள் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

பிறகு கழுவ உட்கார்ந்தேன். பின் தட்டுக் கிளாசின் அடியில் ஏதோ ஒட்டியிருப்பதாக நினைத்து நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. நீலப் பொட்டு. கடுகளவு. பெயிண்ட். அடுத்ததிலும். இருபத்துநாலிலும். முன் தட்டில் ஒன்றில்கூட இல்லை.

மார்ச் 5, திங்கள்

காலைக் காப்பியோடு ஒரு கிளாசையும் கவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"இது என்ன பொட்டு?"

என் வீட்டுக்காரர் நிமிராமல், "மூப்பர் வச்சது" என்றார்.

"எதுக்கு?"

"எந்தத் தட்டுன்னு தெரியத்தான். கழுவும்போது கலந்துடக் கூடாதுன்னு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே.

"எஸ்தர், புத்தலப்பட்டுக்காரங்க வந்த ஒன்றரை வருஷமா முன் பெஞ்சில நாலு குடும்பம் இராப்போஜனத்துக்கு முன்னாடி எழுந்து போய்க்கிட்டிருந்தாங்க. ஒருத்தருக்குத் தலைவலி, ஒருத்தருக்கு விருந்தாளி. நேத்து யாரும் எழுந்து போகலை, பார்த்தியா? எல்லாரும் வாங்கினாங்க. அது போதாதா?"

இதே மனுஷர்தான் ராகேல் வீட்டில் தரையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிட்டவர். ஊரில் வாந்திபேதி வந்தபோது மருந்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடை தாண்டிப் போனவர். பொய்யர் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பின்கட்டில் பல்லி. அடுப்பு புகைகிறது. கோபம்.

மார்ச் 8, வியாழன்

மாதர் சங்கம், மூப்பர் வீட்டில். ஒன்பது பேர். ஜெபம், பின்னல் வேலை, முறுக்கு.

மூப்பர் மனைவி சுகிர்தம்மா: "டாக்டரம்மா நல்லா இருக்கணும். இப்பதான் நிம்மதியா வாங்குறேன். முன்னெல்லாம் வயித்தைக் குமட்டும்."

பக்கத்தில் ஒரு குரல்: "கழுவுறதும் தனியாத்தானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "ஆமாம்" என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது, இது யாருக்கெல்லாம் தெரியாது என்று யோசித்தேன். எனக்கும் புத்தலப்பட்டுக்காரர்களுக்கும்தான் தெரியாமல் இருந்தது. இப்போது அவர்களுக்கு மட்டும்.

மார்ச் 16, வெள்ளி

காற்றே இல்லை. ராகேல் சந்தைக்கு வந்தவள் இங்கேயும் வந்தாள். முந்தானையில் மாவடு.

அவள் கொழுந்தன் தாவீதுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. போன வாரம் ஒருநாள் வந்துபோனவன், ஈஸ்டருக்கும் ஊருக்கு வருகிறானாம்.

"அவன் நம்ப மாட்டேங்கிறாம்மா. எங்க ஊரு சர்ச்சுல ஆளுக்கொரு கிளாசு குடுக்கறாங்கன்னு சொன்னா, போ அண்ணி, உங்களுக்கு யாரு குடுப்பாங்கன்னு சிரிச்சிக்கினு கீறான். இட்டுக்கினு வந்து காட்டறேன் பாருங்கம்மா."

பொட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். உப்பு எவ்வளவு போடுவாய் என்று மாவடுவைப் பற்றிக் கேட்டேன்.

மார்ச் 31, சனி

விரிப்பு வெளுத்துக் காய்ந்தது. ரசம் வடித்தாயிற்று. ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டை அழுத்தினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மத்தியானம் தட்டுகளை அடுக்கினேன். பொட்டு வைத்ததையும் வைக்காததையும் ஒன்றாகக் கொட்டி, கையில் வந்ததை வந்தபடி அடுக்கினேன். இரண்டு தட்டிலும் கலந்து. யார் அடியில் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. மனசு லேசாக இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு பாட்டு வாயில் வந்தது.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

தட்டு முதல் பெஞ்சுக்குப் போயிற்று. சுகிர்தம்மா கிளாசை எடுத்தாள். குடிக்குமுன் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தாள். போன தடவையும் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. அப்படியே தட்டில் திரும்ப வைத்தாள். அடுத்தவளும் பார்த்தாள். பொட்டு இருந்தது, வைத்தாள். அதற்கடுத்தவளுக்குப் பொட்டில்லாத கிளாசு. பார்த்துவிட்டுக் குடித்தாள். அதுதான் இன்னும் கேவலம். ஒன்பது கிளாசு ரசத்தோடு திரும்பிற்று.

பின்னால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவீது எழுந்து நடந்து வந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மேசையில் வைத்த முன் தட்டிலிருந்து ஒரு கிளாசை எடுத்து, சிந்தாமல் உயர்த்திப் பார்த்தான். இன்னொன்றை எடுத்துப் பார்த்தான். திரும்பிப் போய் ராகேல் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தான்.

"ஐயரே, இது இன்னா பொட்டு?"

சத்தம் போடவில்லை. சாதாரணமாய்த்தான் கேட்டான்.

"உக்காருப்பா, ஆராதனை நடக்குது" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு பாட்டு நம்பர் சொன்னார். ஆர்மோனியப் பெட்டி தொடங்கிவிட்டது.

முதலில் எழுந்தவள் ராகேல். கிளாசைப் பாயின் ஓரத்தில், யார் காலும் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராய் வெளியே போனார்கள். பாட்டின் கடைசி அடி வரை முன் பெஞ்சில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

சிரஸ்தார் மூப்பர் வந்தார். குடையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு, "கலந்தது யாரு?" என்றார்.

"நான்தான்."

"கை தவறிப் போச்சு, இல்லையாம்மா?"

நான் பேசுமுன் என் வீட்டுக்காரர், "கை தவறித்தான் மூப்பரே. ஈஸ்டர் அவசரம்" என்றார்.

"அப்ப சரி. வர்ற ஞாயிறு ஒரு அறிக்கை வாசிச்சிடுங்க. ஐயரே, நான் யாரையும் தாழ்வா நினைக்கிறவன் இல்லை. சபை சமாதானமா இருக்கணும், அவ்வளவுதான்."

இல்லை, வேண்டுமென்றுதான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எங்கே போயிற்று? மோர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஏப்ரல் 8, ஞாயிறு

பின்னால் பாய் சுருட்டியபடியே இருந்தது. அறிக்கை: "பாத்திரங்கள் கைத்தவறுதலாய்க் கலந்துவிட்டபடியால் சகோதரிகள் சிலருக்கு உண்டான மனவருத்தத்துக்காக ஐயரம்மா வருந்துகிறார்கள்."

சகோதரிகள் சிலர் என்றால் முன் பெஞ்சு. எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாய்ச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் சுகிர்தம்மா என் கையைப் பிடித்து, "மறந்துட்டேன் நான். நீங்களும் மறந்துடுங்க" என்றாள்.

டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்றால், கோடைக்குக் கொடைக்கானல் போய்விட்டார். ஜூனில்தான் வருவார்.

ஏப்ரல் 12, வியாழன்

மாதர் சங்கத்துக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் புத்தலப்பட்டு போனேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் வரவில்லை.

ராகேல் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து பலகை போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராகேல், நான்தான் கலந்தேன். எல்லாரும் ஒண்ணாக் குடிக்கணும்னு."

"தெரியும்மா. வேற யாரு செய்வாங்க?"

"என்னை மன்னிச்சுடு."

அவள் கடலையை உடைத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவேயில்லை.

"பொட்டை எப்ப பாத்தீங்க?"

"முதல் தடவை கழுவும்போதே."

"மாவடு எடுத்துக்கினு வந்தேனே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போம். இல்லாங்காட்டி வராம இருந்திருப்போம். அது எங்க இஷ்டம். நீங்க எங்கள ஒரு வார்த்தை கேக்காம, எங்க கிளாசை எடுத்து அவங்க வாய்க்கிட்ட வச்சிட்டீங்க. அவங்க மூஞ்சி சுளிச்சதை என் கொழுந்தன் பாத்தான், எம் புள்ளைங்க பாத்துச்சு. அவங்க பொட்டு வச்சாங்க. நீங்க அதை எல்லாருக்கும் காட்டினீங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

நானும் ஒரு பிடி கடலை எடுத்து உடைத்தேன்.

தாவீது கோலாருக்குத் திரும்பிவிட்டான். போகுமுன் திருப்பதியில் தெலுங்குச் சபை ஐயரைப் பார்த்து வந்திருக்கிறான். ஆறு குடும்பமும் அங்கே போகப் போகிறார்கள். மாதம் ஒருமுறை ரயிலில்.

"அங்க எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. போய்ப் பாத்துக்கினு சொல்றோம்" என்றாள். அப்போதுதான் ஒருமுறை சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை.

ஏப்ரல் 24, செவ்வாய்

திருப்பதி ஐயரிடமிருந்து கடிதம். ஆறு குடும்பத்துக்கும் சபை மாற்றுச் சீட்டு அனுப்பும்படி. மரியாதையான கடிதம். காரணம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். செருப்பு மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்துவிட்டு வந்தார். முகம் கழுவி, சீட்டுகளை எழுதி அனுப்பினார். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஏப்ரல் 28, சனி

தலைமைக் கமிட்டிக்கு அனுப்பும் வருஷப் படிவம். பிறப்பு, இறப்பு, விவாகம், சேர்ந்தவர், விலகியவர். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நிரப்புவது நான். என் எழுத்து அழகாம்.

விலகியவர்: ஆறு குடும்பம். காரணம் என்று ஒரு கட்டம். எழுதினேன்: "இராப்போஜனத்தில் இவர்களுடைய பாத்திரத்துக்கு அடையாளம் வைத்துப் பிரித்தோம். மூப்பர்களும் ஐயரும் அறிந்தே நடந்தது. ஐயரம்மாவும் அறிந்து ஒரு மாதம் பேசாதிருந்தாள்."

படித்தார்.

"இது போனா நாம இந்த வீட்டுல இருக்க முடியாது. தெரியுதா எஸ்தர்?"

"தெரியுது."

"இந்த வயசுல வேற எங்க போறது?"

இன்னொரு படிவம் எடுத்து முழுவதும் தாமே நிரப்பினார். காரணம்: தூரம். கையெழுத்துப் போட்டார்.

புத்தலப்பட்டிலிருந்து சித்தூர் பத்துப் பன்னிரண்டு மைல். திருப்பதி முப்பது மைலுக்கு மேல்.

ஏப்ரல் 30, திங்கள்

மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை.

இரண்டு படிவமும் மேசைமேல்தான் இருந்தன. நான் எழுதியதை அவர் கிழிக்கவில்லை. உறை ஒன்றுதான். என்னுடையதை மடித்து உள்ளே வைத்து ஒட்டினேன். பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். கொடுத்தேன். இதனால் ராகேல் திரும்பி வரப் போவதில்லை. கமிட்டி இதற்காக யாரையும் எதுவும் கேட்கப் போவதுமில்லை, எங்களைத் தவிர.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கொடுத்தாய் என்று கேட்கவில்லை.