பின்வாசல் வழியாக வந்தவள்

அன்பு மகள் நேலியாவுக்கு,

டிப்டனிலிருந்து அம்மா எழுதுவது. என் முதுகுவலியையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் தவிர இங்கே எல்லாரும் நலம். நீ நலமில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே தெரிந்துவிட்டது, அதனால் நலமா என்று கேட்கப்போவதில்லை. மறுபடி கூப்பிட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன், படிப்பை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்கிறாய், அதற்குள் இது உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று இன்றே எழுதுகிறேன். அந்த வெள்ளைப் பசு இரட்டைக் கன்று போட்டது, இரண்டும் கிடேரி, அப்பா தானே பெற்ற மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் உன்கூடப் படிக்கிற அந்த டிரெவர், நாங்கல்லாம் பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்தவங்க, நீ கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் ஓட்டிட்டு பின்வாசல் வழியா நுழைஞ்சவ என்று நாலு பேர் முன்னால் சொன்னானாம், நீயும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாயாம். என் வயிற்றில் பிறந்துவிட்டு உனக்கு வாய் எங்கேயடி போயிற்று? நம் வீட்டு முன்கதவு கடைசியாக எப்போது திறந்தது, சொல். சோபா வாங்கிய அன்று. பால்பண்ணைக்காரர் வீட்டில் எவர் முன்வாசலில் வருகிறார்? சாணி ஒட்டின பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்கு வருகிறவர்தான் நம் மனுஷர். முன்பக்கம் மணி அடித்தால் ஏதோ விற்க வந்தவன் என்று அப்பா எழுந்திருக்கவே மாட்டார். ஆமாண்டா, எங்க ஊர்ல வேலை செய்றவங்க வர்ற வாசல் அதுதான் என்று அவனிடம் சொல். சிரித்துக்கொண்டே சொல், இன்னும் எரியும்.

அவன் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை, நீ நம்பினாய் பார், அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. வேதியியலில் ஒரு தடவை அறுபத்தொன்று வாங்கினதற்கு, அவன் சொல்வது சரிதானோ என்று கேட்கிறாயே. இரண்டு வருஷம் விடிகாலையில் கன்றுகளுக்குப் பால் புட்டி கொடுத்துவிட்டு, தலையில் வைக்கோலோடு வகுப்பில் போய் உட்கார்ந்தவள் நீ. யாரும் இரக்கப்பட்டு உனக்கு இடம் கொடுக்கவில்லை. எத்தனையோ பேர் எழுதிப்போட்டதில் உன்னைப் பொறுக்கி எடுத்தார்கள். அங்கே எல்லாம் வேகமாக ஓடுகிறது என்றால் வாத்தியாரின் அறைக்குப் போய்க் கேள், வெட்கப்படாதே, பதில் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். காலையில் வெறும் காப்பி குடித்துவிட்டுப் போகாதே.

உன் அப்பாவின் வாய் சும்மா இருக்குமா, யுலாலியா அத்தையிடம் உளறிவிட்டார். திங்கட்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு திரும்பி வர்றாளாமே, உங்க சீஸ் ஆலையில ஆள் எடுக்கறாங்க, சொல்லி வைக்கலாமே என்றாள். ஆள் வேணும்னா உன் மகனை அனுப்பு, சோபாவுலேர்ந்து எழுந்தா சரி என்றேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை, நிம்மதியாக இருக்கிறது.

ஆனாலும் இங்கே மறுபடி சேரமுடியுமா என்று விசாரிக்கச் சொன்னாயே, அதைச் செய்தேன். உன் விண்ணப்பத்தை உட்கார வைத்து எழுத வைத்தாரே உன் பழைய காலேஜில் திருமதி வாங், அவரிடம் செவ்வாய்க்கிழமை போனேன். ஆலையிலிருந்து நேரே போனதில் தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்திருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், அந்த அம்மாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் உண்டு என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். இருந்தாலும் கேட்டேன், அவ திரும்பி வந்தா இங்க சேர்த்துக்குவீங்களா என்று. அவர் கம்ப்யூட்டரில் உன் பெயரைப் போட்டு, நீ படித்ததையெல்லாம் கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். இடத்துக்கு என்னங்க, தாராளமா இருக்கு, பாடம்தான் இல்ல என்றார். எங்ககிட்ட அவளுக்கு வேண்டிய பாடம் அத்தனையும் முடிச்சுட்டா, மூணாம் வருஷம்னு ஒண்ணு எங்ககிட்ட கிடையாது, அது அவ இப்ப இருக்கற எடத்துலதான் இருக்கு என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், துக்கத்தில் இல்லை.

ஆக, நீ திரும்பி வர இங்கே ஒன்றும் மிச்சமில்லை, நேலியா. எல்லாவற்றையும் நீயே முடித்துவிட்டுப் போயிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வா, இனிப்பு ரொட்டி சுட்டு வைக்கிறேன், ஒரு வாரம் தூங்கு, எட்டாம் நாள் நானே பஸ் ஏற்றிவிடுவேன். பரிசுத்த ஆவி உன் தலைமேல் இருக்கட்டும், உன் நாக்கிலும் கொஞ்சம் இருக்கட்டும். மறந்துவிடாதே, படிப்பை விடுவதாக எழுதின அந்தத் தாளை யாரிடமும் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை வேதியியல் வகுப்புக்குச் சீக்கிரம் போய், அந்த டிரெவருக்கு முன்னால் இருக்கிற நாற்காலியில் உட்கார்.

உன் அம்மா,
டெயோலிந்தா