முதலில் இடிந்த சமையலறை

ஜூலை 8

நகராட்சிப் பொறியாளர் அம்மையார் அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்த எங்கள் தெருவில் வீடுகளின் பின்பக்கத்தை இடிக்கப் போகிறீர்களாமே. என் மனைவி சொன்னாள். முதல் வீடு என்னுடையதாம். கையெழுத்து உங்களுடையதாம்.

கடல் கடந்து வந்து, நாலு பேர் படுக்கும் அறையில் சுருண்டு கிடந்து, கிரேன் ஓட்டிக் கட்டிய சமையலறை அது. ஊரில் வேறு வீடே கிடைக்கவில்லையா உனக்கு?

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

ஜூலை 21

அன்புள்ள தம்பி,

'அம்மையார்' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

போன வருஷ வெள்ளம் உனக்கு முழுதாகத் தெரியாது. கால்வாய் உங்கள் தெருவில் கழுத்து நெரிந்து கிடக்கிறது. தண்ணீருக்குப் போக வழியில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது. உன் மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். படகு வர மறுநாள் ஆயிற்று. "அவருக்குச் சொல்லாதீங்க அண்ணி, அங்க தூங்க மாட்டாரு" என்றாள்.

தம்பி வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் யாரடா திறப்பார்கள்?

திட்டு. ஆனால் பதில் போடு.

உன் அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பி,

பதிலே காணோம். போன வாரம் இடித்தாயிற்று. பாத்திரங்களை நானும் உன் மனைவியும்தான் முன்அறைக்குச் சுமந்தோம். நீ அனுப்பிய மிக்ஸியை மட்டும் என்னிடம் தர மாட்டேன் என்றுவிட்டாள். இயந்திரம் கையை ஓங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தையற்காரர் தானாக வந்து, "என் வீட்டையும் அளந்துக்கோங்கம்மா" என்றார். டீக்கடையில் எனக்கு 'இடியக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்கும் பொருந்துகிறது, இருக்கட்டும்.

ஞாயிறன்று ஒத்திகை நடத்தினோம். சைரன் ஊதினால் தெருவே பள்ளிக்கூட மாடிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் கேலி பேசிக்கொண்டே வந்தார்கள். கறிக்கடைக்காரர் அசையவே இல்லை. உன் மகள் பொம்மைக்கும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிட்டாள். "அத்தை, இன்னொரு தடவை ஊதுங்க" என்று ஒரே அடம்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா

நவம்பர் 19

அக்கா,

பெருமழை என்று செய்தியில் பார்த்ததிலிருந்து போன் கிடைக்கவில்லை. வேலைக்கு நடுவே போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். நேற்றுதான் என் மனைவியின் குரல் கேட்டது.

"சைரன் ஊதினதும் கிளம்பிட்டோம். கறிக்கடைக்காரரைத்தான் நாலு பேர் சேர்ந்து தள்ளிட்டு வந்தாங்க. தண்ணி அகலப்படுத்தின கால்வாயோடவே ஓடிடுச்சு. நம்ம வாசப்படி தாண்டலை" என்றாள்.

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். உன் தெருவில் வேலை அடுத்த வருஷம்தானாமே. உன் வீட்டில் இடுப்பளவு தண்ணீராமே. கட்டில், துணிமணி, அம்மாவின் படம் எல்லாம் போயிற்றாமே. அந்த நேரமெல்லாம் நீ பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வீட்டாரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். உன் வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

உன் தெருவை முதலில் எடுத்திருக்கக் கூடாதா என்று எழுதி, அடித்துவிட்டேன். கேட்டால் சிரிப்பாய்.

கோபம் சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சமையலறை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் முன்அறையை ஒழித்து உனக்குப் படுக்கை போடச் சொல்லிவிட்டேன். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு" என்கிறாள். வீம்பு பிடிக்காமல் இன்றைக்கே போய்விடு.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். மாடியில் புதுச் சமையலறை கட்டலாம். வரைபடம் நீதான் போட வேண்டும். அவளும் நீயும் இடித்துக்கொள்ளாமல் நின்று சமைக்கிற அளவுக்குப் பெரிதாகவே போடு.

உன் தம்பி