அதிகம் உதைக்காத மருந்து

மே 11
தக்காளி நாற்று நட்டேன். மாலையில் துப்பாக்கி கிளப்பில் ஐம்பது தோட்டா சுட்டேன். முப்பதைத் தாண்டும்போதே கட்டைவிரல் அடிமூட்டு பிடுங்க ஆரம்பித்துவிட்டது. தேய்மானமாம். "சுடுறதை விட்டுட்டா என்ன?" என்கிறார் டாக்டர். அந்த ஆளிடம் மீன் பிடிப்பதை விடச் சொல்லிப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் வட்டாரப் போட்டி. பதினோரு வருஷமாக ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.

மே 14
கிளப்பில் தோட்டாவின் வேகத்தை அளக்கிற ஜோலீன் ஒரு வழி சொன்னாள். குண்டு கனமாக, வெடிமருந்து சீக்கிரம் எரிகிற ரகமாக, அதுவும் கொஞ்சமாக. சுடும்போது கையில் விழுகிற உதை நன்றாகக் குறையுமாம். ஆனால் ரொம்பக் குறைத்தால் துப்பாக்கி காலிக் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளாது. போட்டி விதிக்கும் கீழே வேகம் போனால் மதிப்பெண் மொத்தமும் பூஜ்யம். இந்த இரண்டுக்கும் மேலே கொஞ்சூண்டு இடம் இருக்கிறது. என் கட்டைவிரல் இனி அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரன் வெர்லினிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து காலிக் கூடுகளில் மருந்தும் குண்டும் வைத்து என் தோட்டாக்களை அடைத்துத் தருகிறவன் அவன்தான்.

"அந்த மருந்து வேண்டாம். அவ்வளவு கொஞ்சம்னா, ஒரே கூட்டுல ரெண்டு தடவை விழுந்தாலும் வெளிய தெரியாது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். நம்ம மருந்துன்னா ரெண்டாவது தடவை பொங்கி வழிஞ்சிடும். குருடன்கூட கண்டுபிடிச்சிடுவான்."

"உள்ளே எட்டிப் பார்த்தா தெரியப்போகுது."

அதற்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது அவனுக்கு?

மே 15
பேசவில்லை. இரவு பீன்ஸ் சூப். அதுவும் பேசவில்லை.

மே 28
வெட்கத்தை விட்டு ஜோலீனிடம் கேட்டேன், "நீ அடைச்சதுல ஒரு பெட்டி தாயேன்."

"ஏம்மா, என் பல் பிரஷ் வேணும்னா தரேன்!"

நியாயம்தான். வீட்டு ஆளைத் தவிர வேறு யார் அடைத்ததையும் இங்கே யாரும் சுடுவதில்லை, சுடக் கொடுப்பதும் இல்லை. வெர்லின் இன்னும் மோசம். சொந்தத் தம்பி அடைத்ததைக்கூட அவன் தொட்டதில்லை. நான் அடைத்துத் தருகிறேன் என்று ஒரு முறை சொன்னதற்கு, "நீ சுடு, நான் அடைக்கிறேன்" என்றான். அதோடு சரி.

ஜூன் 21
மழையே இல்லை. புல் பழுத்துக் கிடக்கிறது. கராஜுக்குப் பின்னால் மட்டும் நாலு வட்டம், கரும்பச்சையாக.

வெடிமருந்து புல்லுக்கு நல்ல உரம். அடைக்கும் எந்திரத்தின் குடுவையில் இருப்பது எந்த மருந்து என்று சந்தேகம் வந்தால் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது, புல்லில் கொட்டிவிட வேண்டும் — அவன் போட்ட சட்டம். ஒரு வட்டம் எனக்குத் தெரியும். ஏப்ரலில் பாதி வேலையில் போன் வந்து, எதை ஊற்றினோம் என்று மறந்துவிட்டான். மற்ற மூன்று?

கேட்டேன். முயல் என்றான். முயல் பச்சை வட்டம் போடுமா, கிழவா!

கடைசியில் உட்கார்ந்தான். "புட்டி மேல எழுத்து தெரியல, ஆர்டிஸ். ஊத்தின பிறகு, இது நம்ம கைத்துப்பாக்கி மருந்தா, ரைஃபிள் மருந்தான்னு சந்தேகம் வந்துடுது. வந்தா புல்லுக்குத்தான். நீ கையில புடிக்கிற துப்பாக்கியாச்சே."

கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் இருட்டாம். அதனால்தான் பொங்கி வழிகிற மருந்து.

ஏன் சொல்லல? இத்தனை மாசமா — சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? திட்டினேன். அப்புறம் அழுதேன். என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், வலிக்கிற விரலைத்தான், முட்டாள்.

ஜூன் 26
புரை. இரண்டு கண்ணிலும். ஆகஸ்டில் ஒரு ஆபரேஷன், அக்டோபரில் ஒன்று. வெளியே வந்ததும், "அப்பா மாதிரி முழுசாப் போயிடும்னு நெனச்சேன்" என்றான். வழியில் ஆப்பிள் பை சாப்பிட்டோம். என்னுடையதிலும் பாதியை அவனே தின்றான்.

ஜூலை 9
கராஜில் தோட்டா அடைக்கிற மேஜையில் இப்போது நான். ரைஃபிள் மருந்து வேறு அறைக்குப் போயாயிற்று. மேஜை மேல் ஒரே புட்டி, ஜோலீன் சொன்ன ரகம். எடை பார்ப்பது நான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நான். நெம்புகோல் இழுப்பது அவன்.

அளவுப் புத்தகத்தில் இருக்கும் ஆகக் குறைந்த அளவில் ஆரம்பித்தோம். மூன்றாவது தோட்டாவிலேயே காலிக் கூடு சிக்கிக்கொண்டது.

"கொஞ்சம் ஏத்து. கொஞ்சம்னா கொஞ்சம்தான், அவசரக்குடுக்கை!" என்றான்.

ஜூலை 24
நாலாவது அளவு. நூறு சுட்டோம், ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஜோலீனின் கருவியில் விதியைத் தாண்டிச் சற்று மேலேயே நிற்கிறது. எண்பது வரை விரல் வாயே திறக்கவில்லை. எனக்கு ஆடத் தோன்றியது. ஆடினேன்.

வெர்லின் மட்டும் தன்னுடைய பழைய தோட்டாவையே சுட்டான். நான் அடைத்ததை அவன் தொடவில்லை.

ஆகஸ்ட் 19
வெர்லினின் கண் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே கராஜுக்குப் போனான்.

"இந்த மேஜையை யாரு இவ்வளவு அசிங்கமா வச்சிருக்கா?"

"நீதான். ரெண்டு வருஷமா."

செப்டம்பர் 20
போட்டி. வேகச் சோதனையில் என் தோட்டா தேறிவிட்டது. நாற்பது பேரில் பதினேழாவது. விரலுக்கு இன்று ஐஸ்கூட வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அடுத்துச் சுட வேண்டியவன் வெர்லின். எங்கள் இருவருக்கும் ஒரே ரகத் துப்பாக்கி. அவனே அடைத்த தோட்டாப் பெட்டி கார் டிக்கியில் இருந்தது. அவன் மேஜையருகே வந்து என் பெட்டியை எடுத்தான். மூடியில் என் கையெழுத்தில் மருந்தின் பெயர், தேதி, "அடைத்தது: ஆர்டிஸ்." கண்ணாடி போடாமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துப்பாக்கியின் மேகஸினில் அழுத்தினான்.

ஜோலீன் பதறிவிட்டாள். "வெர்லின், அது உன் பெட்டி இல்ல!"

"தெரியும்," என்றான். "படிச்சுட்டுத்தானே எடுக்கிறேன்."