கேழ்வரகு தின்ற கார்

1 ஜூன், சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் இரும்புக் கடைக்கு ஆணி, சங்கிலி எடுக்கக் காஞ்சி போனேன். வழியில் இரண்டு இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மார்ச்சில் மதராஸ் டாக்டர் ஒருவரிடம் இந்தச் சின்னக் காரை வாங்கியபோது இப்படி இல்லை. மூன்று வாரமாகத்தான். ஏன்?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மகள் ரஹிமாவுக்குக் காஞ்சியில் நேர்காணல். டீச்சர் பயிற்சிப் பள்ளி. எனக்கு ஆசை, அவளுக்கு என்னைவிட ஆசை. ஆனால் மச்சான் (ரஹிமா அம்மாவின் அண்ணன்) ஒரே பிடிவாதம்: "சொந்த வண்டில இட்டுகினு போனா சரி. பஸ்ல ஆம்பளைங்க நடுவுல நின்னுகினு போவறதா இருந்தா படிப்பே வாணாம்." குடும்பத்துக்குப் பெரியவர். அவர் பேச்சை இதுவரை யாரும் தட்டியதில்லை. ஆக, கார் ஓடினால்தான் படிப்பு.

திரும்பும்போது ரோட்டில் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தார்கள். சக்கரம் ஏறி இறங்கினால் மணி உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். கூலிக்காரி கன்னியம்மா வழக்கம்போல் கை காட்டினாள். "பாய், இன்னும் ரெண்டு தபா போய்ட்டு வாங்க. பஸ்காரன் சர்ருனு பூட்றான்." ஐந்து தடவை போய் வந்தேன். இப்படிக் கேட்டால் எனக்கு மறுக்க வராது. கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்.

2 ஜூன், ஞாயிறு

பஸ் மெக்கானிக் ஏழுமலை வந்தார். பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, "தண்ணி பம்பு போச்சு, பாய்." புதுசு 35 ரூ., கூலி 8 ரூ. "எது பம்பு? காட்டுங்க, பாக்கறேன்" என்றேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், வேறொன்றுமில்லை. தேடினார். மேலே, கீழே, மல்லாந்து படுத்து. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னா பாய் இது! இதுல பம்பே கெடையாது."

அப்படியானால் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது? ஏழுமலைக்கும் தெரியவில்லை. ரஹிமாதான் சொன்னாள்: "சூடான தண்ணி மேல ஏறும், ஆறினது கீழ எறங்கும். அதுவா சுத்தும் அத்தா. ஸ்கூல் பொஸ்தகத்துல கீது." உலை கொதிக்கிற பானையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு ஆறிப்போனது.

ஏழுமலையின் மற்ற சந்தேகங்கள்:
பேன் பெல்ட் தளர்ச்சி, 4 ரூ.
ஹெட் காஸ்கெட், 22 ரூ., பிரித்துப் பூட்ட நாலு நாள்
பிரேக் இடது பக்கம் இழுப்பது, அது தனிச் சமாசாரம்
இன்ஜினுக்கே வயசாகிவிட்டது, "வெலய கேக்காதீங்க"

ரஹிமா அம்மா: "உங்க காரும் எங்கண்ணனும் ஒண்ணு. சூடானா கிட்ட போவ முடியாது."

3 ஜூன், திங்கள்

பெல்ட் மாற்றியாயிற்று. கொதிப்பு அப்படியே. ஒரே பேஜார். காஸ்கெட்டைப் பிரித்தால் புதனுக்குள் ஆகாது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "அல்லா விட்ட வழி" என்று போனார். ரஹிமா எடுத்து வைத்திருந்த சர்டிபிகேட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

சாயந்தரம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ரஹிமா கூப்பிட்டாள். "அத்தா, இங்க வாங்க. உங்க காரு கேவுரு துன்னுகீது!"

ரேடியேட்டரின் முன்பக்கம், காற்றுப் போகிற சின்னச் சின்னக் கண் எல்லாம் உமி, சருகு, எண்ணெய்ப் பிசுக்கு. ஊசி நுழைய இடமில்லை. மூன்று வாரமாகக் கதிர் மேல் ஓட்டியதன் பலன். கன்னியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் இரண்டு தபாதான் கேட்டாள். ஈர்க்குச்சி வைத்து அப்பாவும் மகளுமாகக் குத்தி எடுத்தோம். அரை முறம் வந்தது. செலவு ஒன்றுமில்லை.

4 ஜூன், செவ்வாய்

கொதிக்கவில்லை! ஆனால் நம்பலாமா? காரை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டேன். அரை மணி நேரம், சரி. வெயிலில் வைத்து ஒரு மணி, சரி. நிழலில் வைத்தால் எவ்வளவு வித்தியாசம்? அதற்கும் ஒரு மணி. பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை.

ரஹிமா அம்மா: "நின்ன எடத்துலயே காஞ்சிவரம் போய்ட்டு வந்துட்டீங்க."

5 ஜூன், புதன்

முன் சீட்டில் மச்சான், பின்னால் ரஹிமா. வழியில் மாகரல் வரை தண்ணீர் கொதிக்கவே இல்லை. மச்சானிடம் இரண்டு முறை சொன்னேன். மாகரல் தாண்டியதும் கார் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது. பெட்ரோல் காலி. நேற்று நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் எரித்திருக்கிறேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த முட்டாள் பெட்ரோலைப் பார்க்கவில்லை. மணி ஒன்பது பத்து. என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

பின்னால் பஸ் வந்தது. மச்சான் இறங்கினார். நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "எடமில்ல சாயபு. ஒரு ஆளுன்னா ஏத்திக்கிறேன். நின்னுகினுதான் வரணும்."

மச்சான் அவளைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார்.

"நிப்பா" என்றார்.

சாயந்தரம் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தாள். பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. மச்சான் கேட்ட முதல் கேள்வி, "வர்றப்பவும் நின்னுகினா வந்தே?"

"இல்ல மாமா, குந்திகினு வந்தேன்."

"மாசத்துக்கு பஸ்ஸுக்கு எவ்ளோ ஆவும், கேட்டுகினு வந்தியா?"

எனக்கு ஒரே சந்தோஷம். பெட்ரோல் வாங்கி ஊற்றி நானும் மச்சானும் திரும்பி வரும்போது கார் கொஞ்சம்கூடக் கொதிக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.